மூன்றாவது லைனில் வந்தவர்

இது நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் வரும் அழைப்பு நேரங்களில் ஒன்றைக்கூட நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. எல்லாவற்றையும் குறித்து வைத்தது ஒரு கருவி. அதற்குப் பயம் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. என்னை இன்றுவரை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருப்பதும் அதுதான்.

என் பெயர் மயூரதன். ஊர் இணுவில். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தொலைபேசி இணைப்பு வேலை செய்கிறவன். 2023 யூன் 5, திங்கட்கிழமை காலை, யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வீதியோரம் இருக்கும் ஒரு கண் கிளினிக்குக்குப் போனேன். பழைய வீடொன்றின் முன்பகுதிதான் கிளினிக். அதன் டொக்டரைத் தேவராஜா என்று சொல்லி வைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு.

"மயூரதன், மூண்டாவது லைன் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டேகால் போலை பிஸியாய் இருக்கு" என்றார் டொக்டர். "கிளினிக் பூட்டிச் சாப்பிடுற நேரம். முன்னுக்கு இருக்கிற பிள்ளை ஆரோடையோ கதைக்கிறா. மனுசன் கத்தாரிலை. வயித்திலை ஏழு மாசம். எனக்கு உது சரிவராது. சனிக்கிழமையோடை நிப்பாட்டப் போறன். அதுக்கு முதல் நீர் ஒருக்காப் பாரும்."

முன்மேசையில் இருந்த மதுஷாவுக்கு இது கேட்காமல் இருந்திருக்காது. நான் பெட்டிக்குக் கிட்டப் போனதும் மெல்ல எழும்பி வந்தாள்.

"அண்ணை, நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஒரு வயசான ஐயா கோல் எடுக்கிறார். மிரியம் இருக்கிறாவோ எண்டு கேக்கிறார். இல்லை எண்டால், 'சரி பிள்ளை, வாறன்' எண்டுறார். நான் டக்கெண்டு வைச்சிடுவன். அவ்வளவுதான்."

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். பில்லிலை அப்பிடி ஒரு கோலும் இல்லையாம்."

பில்லில் எப்படி இருக்கும்? பில்லில் நாங்கள் வெளியே எடுக்கும் அழைப்புகள்தான் வரும். எங்களுக்கு வருகிறவை வராது. இதை நான் டொக்டருக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"மாமியின்ரை காதுக்கும் கதை போயிட்டுது" என்றாள் மதுஷா. "வேலை போனால் வேறை தேடலாம். பேர் போனால் நான் எங்கை தேடுறது? எனக்கு அந்த ஆளைப் பிடிச்சுத் தர வேண்டாம் அண்ணை. கோல் வெளியிலையிருந்துதான் வந்தது எண்டு ஒரு பேப்பர் தாங்கோ. அது காணும்."

அந்தப் பேப்பரை எடுப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு இது சொல்லச் சொல்ல அலுக்காத விஷயம்.

சுவரில் ஒரு சிறிய பெட்டி. கேட்வே என்போம். ஒரு பக்கம் தெருவிலிருந்து வரும் பழைய செப்புக் கம்பிகள், மூன்று லைன். மறுபக்கம் இன்ரநெற்றில் வேலை செய்யும் புதிய ரெலிபோன்கள். இவற்றில் ஒன்றின் பாஷை மற்றதுக்கு விளங்காது. பெட்டி நடுவில் நின்று மொழிபெயர்க்கிறது. சாதாரணமாக அது தான் செய்வதை எழுதி வைப்பதில்லை. எழுது என்று நாங்கள் சொன்னால் எழுதும். அதற்குப் பெயர் ட்ரேஸ். எந்த லைனில் மணி அடித்தது, எந்த இலக்கத்திலிருந்து, யார் எடுத்துப் பேசினார், யார் முதலில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் நேரம்.

முதலில் பெட்டியின் மணிக்கூட்டைத் திருத்தினேன். பதினொரு நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. நேரம் பிழைத்தால் ட்ரேஸால் ஒரு பிரயோசனமும் இல்லை. பெட்டிக்குள் இடம் குறைவு, எழுத எழுதப் பழையது அழிந்துபோகும். அதனால் எழுதுவதையெல்லாம் மேசைக்குக் கீழே இருந்த கணினிக்கு அனுப்பச் செய்தேன். எல்லா லைனையும் எழுத விட்டால் குப்பை சேரும். மூன்றாவது லைனை மட்டும் தெரிவு செய்தேன். குரலையும் சேர்த்துப் பதியச் சொன்னேன்; பேசுவது கணினியில் எனக்கும் கேட்கும்.

பிறகுதான் ஒரு பிழையை விட்டேன்.

"தங்கச்சி, அவர் வைக்க முதல் நீங்கள் வைச்சால், கோலை முடிச்சது நீங்கள் எண்டுதான் ட்ரேஸிலை விழும். டொக்டர் அதையே பிடிச்சுக்கொள்ளுவார். இண்டைக்கு மரியாதையாய்க் கதையுங்கோ. அவர் 'வாறன்' எண்டால், 'ஓம், வாங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருங்கோ. அவரே வைக்கட்டும்."

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் யாரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. 'வாறன்' என்போம். மற்றவர் 'ஓம், வாங்கோ' என்பார். அது விடைபெறும் முறை. நாளுக்கு நாற்பது தடவை சொல்கிறோம். சொன்னோம் என்பதற்காக யாரும் வந்து நிற்பதில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கிளினிக் பூட்டினார்கள். டொக்டர் வீட்டுக்குப் போனார். மதுஷா சோத்துப் பார்சலைப் பிரித்தாள்.

சரியாக 12:17க்கு மணி அடித்தது.

"மிரியம் இருக்கிறாவே, பிள்ளை?"

"இல்லை ஐயா. அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

"சரி பிள்ளை. வாறன்."

மதுஷா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"ஓம்... வாங்கோ."

மறுபக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, மிக மெதுவாக, வைக்கும் சத்தம். 'க்ளிக்'.

திரையில் வரி விழுந்தது. கோல் வெளியிலிருந்து வந்தது. வெளியிலிருந்தே முடிக்கப்பட்டது. முப்பத்தெட்டு செக்கன். மதுஷா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் சந்தோசம்.

டொக்டருக்கு அது போதவில்லை. "ஒரு நாளிலை என்ன தெரியும்? கிழமை முழுக்கப் பாரும்" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில், எங்களுக்குக் கேட்காமல், கூப்பிடுகிறவரின் இலக்கம் கம்பி வழியே ஓடி வரும். இந்தக் காலத்தில் எங்கள் இலக்கங்களுக்குப் பத்து எண். வந்திருந்ததில் நான்கே நான்கு.

குருநகர் கிறகோரி அண்ணைக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். லைன் இழுக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து பென்சன் எடுத்தவர்.

"எட, உந்த நம்பரை எங்கையடா பொறுக்கினனீ?" என்று சிரித்தார். "என்ரை மனிசியின்ரை நம்பர் எனக்குப் பாடமில்லை. உது பாடம். காங்கேசன்துறை. சீமெந்து ஃபக்டரிப் பக்கம் ஒரு தேத்தண்ணிக்கடை. நான்தான் லைன் இழுத்தனான். இப்ப கடையுமில்லை, கம்பியுமில்லை."

கம்பியில் ஈரம் பட்டால் இலக்கம் பிழையாக வருவதுண்டு. அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய், 12:17. அதே குரல், அதே கேள்வி, அதே 'வாறன்'. மதுஷா நான் சொல்லிக்கொடுத்தபடியே 'ஓம், வாங்கோ' என்றாள். இலக்கம் வேறு. நான்கு எண்தான்.

"தெல்லிப்பழை" என்றார் கிறகோரி அண்ணை. "ஒரு மருந்துக்கடை. அதுவும் இல்லை இப்ப. டேய், என்னைப் பேய்க்காட்டி விளையாடிறியோ?"

புதன், 12:17. இன்னொரு இலக்கம். "சுன்னாகம்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம், அதுவரை பதிவான குரல்களை வீட்டில் வைத்துக் கேட்டேன். திங்கள் பதிவில் குரலுக்குப் பின்னால் ஏதோ தேய்கிற சத்தம். லைன் இரைச்சல் என்று விட்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டினேன்.

சரக்... சரக்... சரக்...

செருப்புச் சத்தம். ஒருவர் நடக்கிறார். செவ்வாய்ப் பதிவிலும் நடக்கிறார். புதனிலும் நடக்கிறார். மூன்று நாளும் ஒரே வேகம்.

பழைய ரெலிபோன் கம்பியில் கட்டுண்டது. காதில் வைக்கும் அதன் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் யாராலும் நடக்க முடியாது.

வியாழன், 12:17. இலக்கம் வந்தது. கிறகோரி அண்ணை கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"கொக்குவில்."

நான் பேனையைக் கீழே வைத்தேன். காங்கேசன்துறை. தெல்லிப்பழை. சுன்னாகம். கொக்குவில். பஸ்ஸில் போய்வருகிற எவருக்கும் இந்த வரிசை தெரியும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வழி. கிளினிக் இருக்கும் வழி.

"தம்பி" என்றார் கிறகோரி அண்ணை. "உச்சி உருமத்திலை, பேய் உலாவுற நடு மத்தியானத்திலை எடுக்கிறவன் 'வாறன்' எண்டு சொல்லேக்கை, அந்தப் பிள்ளை என்ன சொல்லுறவ?"

"'ஓம், வாங்கோ' எண்டு."

"ஆர் அப்பிடிச் சொல்லச் சொன்னது?"

"...நான்தான்."



"நாளைக்கு அவவைத் தனிய விடாதை" என்றார். வைத்துவிட்டார்.

அவர் அன்று 'வாறன்' சொல்லவில்லை.

வெள்ளி, யூன் 9. பதினொன்றரைக்கே போய்விட்டேன். மதுஷாவிடம் வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் என்னவென்று சொல்வது? "இண்டையோடை முடியுது, பின்னேரம் பேப்பர் தாறன்" என்றேன். அவள் சிரித்தாள். பன்னிரண்டுக்குக் கதவு பூட்டியாயிற்று. உள்ளே நாங்கள் இருவர் மட்டும்.

12:16. வெளியே காகம்கூடக் கத்தவில்லை. முற்றத்து வேம்பின் நிழல் அதன் காலுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது.

12:17:00.

மணி அடித்தது.

நான் திரையைப் பார்த்தேன். முதல் மணி... இடைவெளி... இலக்கம் விழுந்தது. இன்று நான்கு எண் இல்லை. இரண்டு.

கூப்பிட்டது: 11. கூப்பிடப்பட்டது: 11.

பதினொன்று, மதுஷாவின் மேசை ரெலிபோனின் உள் இலக்கம். அதன் கைபிடி அவள் கையில் இருந்தது.

"வணக்கம், கண் கிளினிக்..."

"மிரியம் இருக்கிறாவே, பிள்ளை?"

குரல் மிகக் கிட்ட இருந்தது. செருப்புச் சத்தம் இல்லை. நடை நின்றிருந்தது.

"இல்லை ஐயா. அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு எத்தினை தரம்..."

"இருக்கிறா பிள்ளை. மிரியம் உங்கைதான் இருக்கிறா."

உங்கை. இந்தச் சொல்லை நீங்கள் சரியாக விளங்க வேண்டும். இஞ்சை என்றால் பேசுகிறவர் இருக்கும் இடம். அங்கை என்றால் இருவருக்கும் தூரம். உங்கை என்றால்... கேட்கிறவர் இருக்கும் இடம். கேட்கிறவருக்கு மிகவும் கிட்ட.

மதுஷா சுற்றிப் பார்த்தாள். நாற்காலிகள். பூட்டிய கதவு. நான்.

"வாறன்" என்று குரல் சொல்லவில்லை.

"வந்திட்டன்" என்றது.

நான் பாய்ந்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த மூன்றாவது லைனின் சிறு கம்பியை முழுதாகப் பிடுங்கி எடுத்தேன். மறுகையால் மதுஷாவை இழுத்துக்கொண்டு பின்கதவால் முற்றத்துக்கு ஓடினேன்.

12:18.

வெயில் கொதித்தது. அவள் கை குளிர்ந்து கிடந்தது.

உள்ளே...

சரக்... சரக்...

முன்மேசைப் பக்கம்.

நின்றது.

நாற்காலியை யாரோ இழுத்தார்கள்.

பிறகு ஒன்றுமில்லை.

நாங்கள் அசையவில்லை. பேசவில்லை. மதுஷா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

12:50க்கு டொக்டரின் கார் வந்தது. அவரோடு உள்ளே போனோம். முன்கதவு பூட்டியபடியே இருந்தது. ஒருவரும் இல்லை. கைபிடி அதன் இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஓடும்போது மதுஷா அதைக் கீழே போட்டதை நான் கண்டேன்.

பின்னேரம் உள்வந்த அழைப்புகளை மட்டும் தெரிவு செய்து அச்செடுத்தேன். ஐந்து நாள், ஐந்து கோல், ஐந்தும் வந்தவை. ஒன்றுகூட இங்கிருந்து போனதல்ல. டொக்டர் இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, என்னிலைதான் பிழை. நீர் வேலையிலை இரும்."

மதுஷா அந்தப் பேப்பரின் ஒரு பிரதியை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மாமிக்குக் காட்ட. அடுத்த திங்கள் 12:17க்கு மணி அடிக்கவில்லை. அதன் பிறகு ஒருநாளும் அடிக்கவில்லை. இலக்கங்களைப் பற்றி அவளுக்கு நான் ஏதோ கம்பிக் கோளாறு என்று சொல்லி வைத்தேன். ஓகஸ்டில் பெண்பிள்ளை பிறந்ததாகச் செய்தி வந்தது. கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நவம்பர் 20, திங்கட்கிழமை. பின்னேரம். மதுஷா எனக்குக் கோல் எடுத்தாள்.

"அண்ணை, நேற்றுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். என்ரை மனுசன் றொஷானும் கத்தாரிலையிருந்து லீவிலை வந்து நிக்கிறார்."

"நல்லது தங்கச்சி. என்ன பேர்?"



"அபிஷா எண்டுதான் நாங்கள் பேசி வைச்சனாங்கள். போதகர் பேரைக் கேட்டார். றொஷான் முந்திக்கொண்டு... மிரியம் எண்டு சொல்லிப்போட்டார்."



"நீங்கள் அவரிட்டை அந்தக் கோலைப் பற்றி..."

"மூச்சு விடேல்லை அண்ணை. எப்பிடிச் சொல்லுவன்? ஊர் கதை கட்டினதுகூட அவருக்குத் தெரியாது."

"அப்ப அவருக்கு அந்தப் பேர் எப்பிடி?"

"நான்தான் சொன்னனானாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "யூன் ஒன்பதாம் திகதி. வெள்ளி. கிளினிக் நம்பரிலையிருந்து கத்தாருக்கு எடுத்து, அரை மணித்தியாலம் கதைச்சனானாம். என்ரை குரல்தானாம். 'பிள்ளைக்கு மிரியம் எண்டுதான் பேர். ஆர் மாத்தச் சொன்னாலும் மாத்தாதேங்கோ. நானே பிறகு வந்து வேறை பேர் சொன்னாலும் கேளாதேங்கோ' எண்டு சொன்னனானாம்."

பின்னால் குழந்தை அழுதது.

"நான் எடுக்கேல்லை அண்ணை. உங்களோடைதானே நிண்டனான். அவர் நம்பிறார் இல்லை. நான் பொய் சொல்லுறனாம். அண்டைக்கு அப்பிடி ஒரு கோல் போகேல்லை எண்டு ஒரு பேப்பர் தாங்கோ. அது காணும்."

தருகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது சுலபமான வேலை என்றே நினைத்தேன். அந்தக் கிழமையின் முழு ட்ரேஸும் என்னிடம் இருந்தது. உள்வந்ததை மட்டும்தான் அன்று அச்செடுத்தேன். வெளியே போனதை நான் பார்க்கவே இல்லை. பார்க்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

திறந்தேன். யூன் 9க்குப் போனேன். 12:17ஐத் தாண்டினேன்.

12:19:06. மூன்றாவது லைன். வெளியே போன அழைப்பு. 00974 என்று தொடங்கும் இலக்கம். கத்தார்.

12:46:31. முடிந்தது. உள்ளேயிருந்து வைக்கப்பட்டது.

அந்த நேரம் முழுவதும் மதுஷா முற்றத்தில் என் பக்கத்தில் நின்றாள்.

மூன்றாவது லைனின் கம்பி என் கையில் இருந்தது.

குரலும் பதிவாகியிருக்கிறது. இருபத்தேழு நிமிடம், இருபத்தைந்து செக்கன்.

நான் இன்னும் கேட்கவில்லை.

மதுஷா பேப்பருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.